ரெண்டு தண்ணி பியாட்ரிஸ்

1921-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஏழடி உயரத் தேக்கு அலமாரி ஒன்று கிளீவ்லண்ட் டவுனிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் தன் நான்கு காலால் நடந்து வந்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்றது. ஒருமுறை ஜட்கா வண்டிக்கு வழிவிட்டது. இன்னொருமுறை, குழாய்த் தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றிப் போவதா தாண்டிப் போவதா என்று யோசித்தது. அன்றைக்கு மார்க்கெட்டில் பச்சைப் பட்டாணி மலிவு என்பதால் தெருவில் ஜனங்கள் அதிகம். ஆனால் யாரும் அலமாரியை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் கையை வீசிக்கொண்டு, பின்னால் வருகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் போனவள் டோரீன். பின்னால், இழுப்பறை சரிந்து விழாதபடி முழங்கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்தவள் பியாட்ரிஸ். இருவரும் இரட்டைப் பிறவிகள். வயது இருபத்திரண்டு. முகத்தில் ஒரு மச்சம்கூட வித்தியாசம் கிடையாது. ஆனாலும் தெருவில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. முன்னால் போகிறவள் சூனியக்காரி, பின்னால் வருகிறவள் அவளுடைய அக்கா.

அவர்களுடைய அப்பா ஜெயராஜ், கண்டோன்மென்டில் மேஜை நாற்காலிகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். துரைமார்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்த காலம். வந்ததும் கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பார்கள். போகும்போது திருப்பி அனுப்புவார்கள். இதற்காக ஜெயராஜிடம் இரண்டு மாட்டு வண்டிகள் இருந்தன. 1903-இல், ஐந்து வயது டோரீன் சாப்பிட உட்கார்ந்தபோது தனக்கு எட்டாத ஸ்டூலைப் பார்த்து "வா" என்றாள். ஸ்டூல் வந்தது. ஜெயராஜ் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கிவிட்டு, மூலையிலிருந்த சாய்வு நாற்காலியைக் காட்டி, "அதையும் கூப்பிடு பாக்கலாம்" என்றார். அதுவும் வந்தது. வியாபாரிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பத்து வருஷத்துக்குள் மாடுகளையும் விற்றார், வண்டிகளையும் விற்றார்.

முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. கடைக்கு எதிரில் பூ விற்ற கன்னடக்காரம்மா, டோரீனைக் கண்டால் "மாட்டகாத்தி", அதாவது சூனியக்காரி, என்று சொல்லிப் பூக்கூடையை இழுத்து மூடிக்கொள்வாள். பங்குச் சாமியார் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். அவர் கடைக்கு வந்து, பியானோ ஒன்று தட்டுத் தடுமாறிப் படியேறுவதை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "சாத்தான் உதவி செய்திருந்தால் இது இவ்வளவு மெதுவாக ஏறாது" என்று தீர்ப்புச் சொன்னார். நகரசபை ஆபீசில், நடக்கும் மரச்சாமான் வண்டியா கால்நடையா என்று ஆறு மாதம் காகிதம் நகர்ந்தது. முடிவில் அவை பாதசாரிகள், சாலையில் இடப்பக்கம் ஓரமாகப் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. டோரீன் அதை அலமாரிகளுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனாலும் அவை அன்றிலிருந்து இடப்பக்கம்தான் போயின.

டோரீனுக்கு இது எப்படி வந்தது என்பதில் மட்டும் தெருவில் பல கட்சிகள். மைசூர் சமஸ்தானத்து சர்வே இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற சீனிவாசராகவன், மகள் ருக்குவின் கல்யாணத்துக்கு நாற்காலி பேச வந்தவர், பேச்சுச் சுவையில் தினமும் வர ஆரம்பித்துவிட்டார். "இது பூர்வஜென்ம வாசனைங்காணும். மாங்கொட்டைக்கு மாமரம் ஆறதுக்கு யாராவது பாடம் எடுத்தாளா?" என்பார். குழாயடிப் பெண்களுக்கு வேறு கணக்கு. இரட்டைப் பிள்ளைகள் பிறந்தது 1898, பிளேக் வருஷம். ஊரே வீடுகளை விட்டு வெளியேறி மைதானத்தில் கொட்டகை போட்டுக் கிடந்தது. அங்கேதான் ஒரே காலையில் பதின்மூன்று பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுச் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தார். பிள்ளைகளின் தாய் ஜுரத்தில் கிடந்தாள்; அந்த ஜுரத்திலேயே போயும் விட்டாள். ஞானத்தாயாக நின்ற கேத்தரின்தான் துணி சுற்றிய பிள்ளையை வாங்கிப் போய், தண்ணீர் ஊற்றியதும் திரும்பக் கொடுத்து, இன்னொன்றை வாங்கிப் போனவள். சற்று நேரத்தில் சாமியாருக்கு ஒத்தாசையாக இருந்த கோயில்பிள்ளை வந்து பார்த்தபோது ஒரு பிள்ளையின் தலை சொட்டச் சொட்ட ஈரம், இன்னொன்றின் தலை வறட்டியாய்க் காய்ந்திருந்தது. ஒரே பிள்ளை இரண்டு தடவை போய் வந்திருக்கிறது! சாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "புத்தகத்தில் இருவர் பெயரும் எழுதியாயிற்று" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். பிறகு டோரீன் ஸ்டூலை அழைத்ததும் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். காய்ந்த தலை டோரீன். தண்ணீர் படாததால் சூனியம் ஒட்டிக்கொண்டது. அப்படியானால் இரண்டு பங்கும் வாங்கியவள் மற்றவள். அன்றிலிருந்து அவள் பெயர் ரெண்டு தண்ணி பியாட்ரிஸ்.

கற்றுக்கொண்டால் வரும் என்ற கட்சியில் இருந்தது பியாட்ரிஸ் ஒருத்திதான். தனக்கும் அது வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது. வந்தது போகவே இல்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அவள் அந்த அம்மியையும் விட்டுவைக்கவில்லை. தினமும் காலைக் காப்பி ஆனதும் குடோனுக்குள் போய் ஒரு முக்காலியின் முன் நின்று, டோரீன் சொல்வதுபோலவே தலையைச் சாய்த்து, அதே அலட்சியக் குரலில், "வா" என்பாள். வராது. சுவரில் ஒரு கரிக்கோடு போடுவாள். பிறகு உப்புத்தாளையும் அரக்கையும் எடுத்துக்கொண்டு அதே முக்காலிக்குப் பாலிஷ் போட உட்கார்ந்துவிடுவாள். கடையில் பழுது பார்க்கிற வேலை அவளுடையது. சனிக்கிழமைகளில் கோயில் வளாகத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாக வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு எடுத்தாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. களிமண் மண்டைக்காரனும் அவளிடம் வந்தால் மூன்றே மாதத்தில் ஜெபமந்திரம் முழுக்க ஒப்பிப்பான். ஆனால் அதை அவள் ஒரு திறமையாக நினைத்ததே இல்லை. தங்கைமேல் அவளுக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சமல்ல, தொண்டையில் முள் குத்தினது மாதிரி. தனக்கு வராததற்குத் தலையில் விழுந்த இரண்டாவது தண்ணீர்தான் காரணம் என்று அவளும் நம்பினாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அந்தக் கோணல் கூடம் அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

1924-இல் கோலார் தங்கவயலிலிருந்து டென்சில் என்ற மெக்கானிக் ஒரு தையல் மேஜையை வாடகைக்குக் கேட்டு வந்தான். மேஜை டோரீனின் பின்னால் குட்டி நாய் மாதிரி ஓடி வருவதைப் பார்த்துப் பயப்படாமல் வாய்விட்டுச் சிரித்த முதல் ஆண்பிள்ளை அவன்தான். ஒரு மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அன்றைக்கே ஜெயராஜ் மூத்தவளைக் கூப்பிட்டார். "டோரீன் போனப்புறம் கடையை மூடிடலாம்மா. இதுங்கல்லாம் நடந்து பழகிடுச்சு, வண்டில ஏத்தினா உதைக்குது. மொத்தத்தையும் யாருக்காவது கொடுத்துடுறேன். நீ அவகூடத் தங்கவயலுக்குப் போ. நாளைக்கு அவளுக்குப் புள்ள குட்டின்னு ஆனா நீ பாத்துக்கலாம்." நல்ல மனதோடுதான் சொன்னார். பியாட்ரிஸ் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை வீட்டில் ஓர் ஓரமாக, தங்கை பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு, சாகும்வரை யாரோ ஒருத்தியின் அக்காவாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குக் கடை வேண்டும். ஒரே ஒரு ஸ்டூலாவது அவள் சொல்லி நடந்தால் கடை பிழைக்கும்.

இந்த நேரத்தில் பிரெஞ்சுச் சாமியார் போய், புதுச்சேரியிலிருந்து இளைய சாமியார் ஒருவர் வந்திருந்தார். எதையும் சரிபார்க்காமல் தூங்கமாட்டார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கடைசி ஓலைக்குமுன் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தார். குழாயடிப் பேச்சும் காதில் விழுந்தது. உடனே கேத்தரினைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளுக்கு அப்போது அறுபது வயது. இருபத்தாறு வருஷம் வயிற்றில் வைத்திருந்ததை, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போலக் கொட்டிவிட்டாள். "அடையாளத்துக்கு மூத்தவ கால்ல கறுப்புக் கயிறு கட்டியிருந்தோம் சாமி. மொதல் தடவ துணிய விலக்கினேன், கயிறு இல்ல. ரெண்டாந்தடவ விலக்கினேன், அப்பவும் இல்ல. நாக்குல வெச்ச உப்ப வேற அந்தப் புள்ள துப்பிடுச்சு. பின்னால பதினோரு புள்ளைங்க வரிசைல நிக்குது, நான் பயந்து வாயத் தொறக்கல."

சாமியார் மறுபடி புத்தகத்தைத் திறந்தார். அப்படியானால் இரண்டு தண்ணீரும் டோரீனுக்கு. காய்ந்த தலை பியாட்ரிஸ். "இத ஏம்மா இத்தன வருஷம் சொல்லல?" என்று கேட்டதற்குக் கேத்தரின், "சொன்னா என்ன ஆகும் சாமி? ரெண்டு தடவ ஞானஸ்நானம் வாங்கின புள்ளதான் சூனியக்காரி ஆச்சுன்னு ஊர் சொல்லும். அப்புறம் எவ தன் புள்ளையக் கோயிலுக்குத் தூக்கிட்டு வருவா?" என்றாள். இருநூறு பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்து முதல் நற்கருணைக்குத் தயார் செய்தவள் ஞானஸ்நானமே வாங்காத ஓர் அஞ்ஞானி என்பதை ஜீரணிக்க அவருக்கு இரண்டு கோப்பை காப்பி தேவைப்பட்டது.

பியாட்ரிஸுக்கு விஷயம் சொல்லப்பட்டபோது அவள் அழுவாள் என்று எல்லோரும் கைக்குட்டையோடு நின்றார்கள். அவள் முகத்தில் சிரிப்பு பொங்கியது. தலையில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை! தன்னைத் தடுப்பது எதுவுமே இல்லை! இன்றைக்கே ஞானஸ்நானம் என்று சாமியார் சொன்னதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை கேட்டாள்.

"அதுக்குள்ள செத்துகித்துப் போயிட்டீங்கன்னா?"

"தண்ணிய எடுத்துட்டு ஓடி வாங்க சாமி. அடுத்த தெருதானே."

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, பியாட்ரிஸ் எங்கே போனாலும் பத்தடி தள்ளி, பித்தளைச் செம்பில் தண்ணீரோடு இளைய சாமியார் போனார். சைக்கிள் மணி கேட்டால் செம்பைத் தூக்கிப் பிடிப்பார். அவள் படிக்கட்டு ஏறினால் இவர் கீழே நின்று மேலே பார்ப்பார். ஒருமுறை அவளுக்கு வெறும் விக்கல் வந்தது. அதற்கே பாதித் தண்ணீர் சிந்திப்போயிற்று. குடோனுக்குள் அவள் முக்காலியை அழைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் வாசற்படியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார்.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமை அவள் மானத்தை விட்டு டோரீனிடம் போய் நேராகவே கேட்டாள். டோரீன் கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியம். அவள் அதைப்பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

"நான் என்னத்த பண்றேன் பியாட்ரி? ஒண்ணும் பண்றதில்ல. வான்னு சொல்றப்பவே அது வந்துட்ட மாதிரி இருக்கும். பாத்தா வந்திருக்கும்."

"அந்த மாதிரி இருக்கறதுக்கு என்ன செய்யணும்?"

"பசிக்கறதுக்கு என்ன செய்யணும்னு கேக்கற மாதிரி இருக்கு நீ கேக்கறது" என்றாள் டோரீன். அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பியாட்ரிஸுக்கு இன்னும் வலித்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவள் கத்தியும் கெஞ்சியும் கொஞ்சியும் கூப்பிட்டாள். முக்காலி மூன்று காலையும் ஊன்றி நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் கரிக்கோடுகளை எண்ணினாள். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதுவரைக்கும் தண்ணீர்மேல் பழி போட முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. தனக்கு வராது, அவ்வளவுதான் என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு வயதில் ஞானஸ்நானம் ஆயிற்று. இந்தமுறையும் ஞானத்தாய் கேத்தரின்தான். தண்ணீர் விழுவதற்கு முன் இவள் பியாட்ரிஸ்தானா என்று முகத்தைத் திருப்பி இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பியாட்ரிஸ் அழுதாள். பக்தியில் அழுகிறாள் என்று பங்கு மக்களும் கூடவே அழுதார்கள். செவ்வாய்க்கிழமை டோரீனுக்குக் கல்யாணம். புதன்கிழமை காலை பத்து மணி வண்டிக்குத் தங்கவயல் பயணம். சீர்ச்சாமானாக ஜெயராஜ் கொடுத்த கட்டிலும் பீரோவும் முந்தின வாரமே டோரீன் பின்னால் போய்க் கூட்ஸில் ஏறிவிட்டன.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஜட்கா போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் டக் டக்கென்று சத்தம். பதினொரு நாற்காலிகள், வரிசையும் இல்லாமல் ஒழுங்கும் இல்லாமல், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடி வந்தன. கல்யாண விருந்தில் டோரீன் பக்கத்தில் இருந்தவை. விடமாட்டேன் என்று கிளம்பிவிட்டன. பிளாட்பாரத்தில் நின்று டோரீன், "போங்க, வீட்டுக்குப் போங்க" என்று கெஞ்சினாள். அவள் குரல் கேட்டதும் அவை இன்னும் நெருங்கி வந்து புடவையை மிதித்தன. அப்போதுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்தது. டோரீனுக்கு வரச்சொல்லத்தான் தெரியும், போகச்சொல்லத் தெரியாது. இதுவரைக்கும் அவள் முன்னால் நடந்தாள், அவை பின்னால் வந்தன, அவ்வளவுதான். ரயில் கார்டு, நாற்காலிகளை ஏற்ற முடியாது என்றுவிட்டார். வண்டி கிளம்பிற்று. டோரீன் ஜன்னலில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். பதினொரு நாற்காலிகளும் பிளாட்பாரத்தின் முனை வரைக்கும் ஓடி, அங்கே நின்றுவிட்டன.

ஜெயராஜ் தளர்ந்துபோய் வீட்டுக்கு நடந்தார். பியாட்ரிஸ் மட்டும் நின்றாள். பழக்கத்தில் "வா" என்றாள். ஒன்றும் அசையவில்லை. அவளும் அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தங்கை போனதற்குக் கொஞ்சம், தனக்காக நிறைய. போர்ட்டர் ஒருவன் வந்து, "யம்மா, இது உங்களுதா? ஜல்தி எடுங்கம்மா, பன்னெண்டு மணி வண்டி வந்துரும்" என்றான். அவள் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நாற்காலிகள் கோணலும் மாணலுமாய் நின்றன. பிள்ளைகளானாலும் சரி, நாற்காலிகளானாலும் சரி, வரிசை கலைந்து நிற்பது அவளுக்குப் பொறுக்காது. இழுத்து இழுத்து இரண்டு வரிசையாக நிறுத்தினாள். நிறுத்திவிட்டு எதிரில் போய் நின்றதும், அவள் வாய் தன்னையறியாமல் சனிக்கிழமைப் பாடத்தைத் தொடங்கிவிட்டது.

"நீ யார்?" என்று கேட்டாள். பதில் இல்லை. முதல் நாள் எந்தப் பிள்ளைதான் பதில் சொல்லியிருக்கிறது? முதல் நாள் கேள்வியும் மிஸ்தான் சொல்லவேண்டும், பதிலும் மிஸ்தான் சொல்லவேண்டும். "நான் நாற்காலி. உனக்கு எத்தனை கால்? நாலு. கால் எதுக்கு? நிற்க. நிற்க மட்டுமா? இல்லை, நடக்கவும்." மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும். டோரீன் குரல் போய், தலையைச் சாய்ப்பதும் போய், அவளுடைய சொந்தக் குரல், கொஞ்சம் கரகரப்பாக, பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு மணி வண்டி வந்து போயிற்று. ஜனங்கள் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒரு துரைசானி சில்லறை போட்டுவிட்டுப் போனாள். நாலு மணி சுமாருக்கு, இரண்டாம் வரிசைக் கடைசியில் நின்ற பிரம்பு நாற்காலி, மொத்தத்தில் மட்டமானது, மேலதிகாரி வீடுகளுக்கு ஒருநாளும் அனுப்பப்படாதது, முன்னங்காலைத் தூக்கிற்று. எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றது.

வேறு யாராவது இருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள். பியாட்ரிஸ் அனுபவஸ்தி. முதல் பதில் சொல்லும் பிள்ளையை மிரளவிடக் கூடாது. முகத்தை மாற்றாமல், "ம், கீழே வை. இப்போ அடுத்தது" என்றாள். அது மூன்றடி நடந்தது. "இன்னிக்கு இது போதும்" என்று வகுப்பைக் கலைத்தாள். தண்டவாளம் தாண்டி, யாரும் பார்க்காத இடத்துக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

ஒன்பது நாள் ஸ்டேஷனில் வகுப்பு நடந்தது. பத்தாம் நாள் காலை, பதினொரு நாற்காலிகளும் இரண்டு வரிசையாக, இடப்பக்கம் ஓரமாக, ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நடந்து வந்தன. அவற்றின் முன்னால் யாரும் போகவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், கையில் ஒரு குச்சியோடு, பியாட்ரிஸ் வந்தாள். கடைவாசலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஜெயராஜ், கடையை வாங்க வந்த ஆளிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி எழுந்தவர், அவனை மறுபடி கவனிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த சீனிவாசராகவனுக்கு மட்டும் தன் கட்சி என்ன ஆகிறது என்ற கவலை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "உனக்கு ஒண்ணும் வரலைம்மா. கத்துண்டது நாற்காலிதான். அதனாலே பார்க்கப்போனா நாற்காலிதான் சூனியக்காரி" என்றார். பியாட்ரிஸ் அதை மறுக்கவில்லை. பதினாலு வருஷம் தானே மாணவியாக நின்று தோற்றவள், மிஸ்ஸாக நின்றதும் ஜெயித்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது.

தெருவுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஞானோபதேச வகுப்புக்கு அவள் நுழையப் போகும்போது உள்ளே ஒரு பொடியன், "டேய், சூனியக்காரி மிஸ் வராங்கடா, சும்மா இரு" என்றான். பியாட்ரிஸ் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். அதை இன்னொருமுறை யாராவது சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

பிறகு வருஷங்கள் ஓடின. குடோனில் செவ்வாய், வெள்ளி மேஜை நாற்காலிகளுக்கு வகுப்பு. கட்டில்களுக்குப் புத்தி மந்தம் என்பதால் தனியாகப் புதன்கிழமை. பாடம் முடித்த சாமான்களுக்கு யார் துணையும் வேண்டியதில்லை. விலாசத்தைச் சொன்னால் போய்ச் சேரும், வாடகைக் காலம் முடிந்ததும் தாமே திரும்பி வரும். மழை வந்தால் ஏதாவது ஒரு வராந்தாவில் ஒதுங்கி நிற்கும்; வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு கர்னல் வீட்டு பியானோ மட்டும், அந்த வீட்டம்மாள் வாசிப்பதைத் தாங்கமாட்டாமல் தவணைக்கு முன்பே வந்துவிட்டது. அதைக் கண்டித்துத் திருப்பி அனுப்பினாள். 1931-இல் ஜெயராஜ் நல்ல சாவாகச் செத்தார். அவருடைய சாய்வு நாற்காலி கல்லறை வரைக்கும் நடந்து வந்து, ஜெபம் முடிந்ததும் எல்லோரோடும் வீடு திரும்பிற்று.

1936 மே மாதம் டோரீன் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், மூன்று பிள்ளைகளின் தாய். வந்து உட்கார்ந்து காப்பியைக் குடிக்காமல் அழுதாள். தங்கவயலில் அவள் பிள்ளைகளை "வா சாப்பிட" என்று கூப்பிடுகிறபோதெல்லாம் அக்கம்பக்கத்து மேஜை நாற்காலிகளும் வந்துவிடுகின்றன. வந்தவை போகமாட்டேன் என்கின்றன. வீட்டில் இப்போது நாற்பத்தாறு ஸ்டூல்கள். டென்சில் வேலை முடிந்து வந்து, ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து யார் யார் வீட்டிலோ கொண்டுபோய் விடுகிறான். சிரிப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. "எனக்குப் போன்னு சொல்லத் தெரியலக்கா. சொல்லிக்குடு" என்றாள். இரட்டைப் பிறவிகள் என்பதால் அவள் அதுவரை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

"வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வா" என்றாள் பியாட்ரிஸ்.

"மிஸ்ஸுன்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடணும்."

வெள்ளிக்கிழமை டோரீன் முதல் வரிசையில், பாடம் படிக்கவந்த ஸ்டூல்களுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதுவும் வரவில்லை. பிறந்ததிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தவளுக்குக் கற்றுக்கொள்வது எப்படி என்பதே தெரியவில்லை. சேர்ந்து நாலே மாதம் ஆன ஸ்டூல்களெல்லாம் டக்கென்று திரும்பி வாசலுக்குப் போயின. இவள் "போ" என்றால் அவை மடியில் வந்து ஏறின. மூன்றாம் வகுப்பில் அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது. பியாட்ரிஸுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி இருந்தது என்பதை மறைப்பானேன். இருபத்தாறு வருஷத்து முள்ளாயிற்றே. ஆனால் அந்தக் குஷி ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. மற்றவை கலைந்தபிறகும் அவள் தங்கையை நிறுத்திவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் பாடத்தைப் போலக் கேள்வியையும் தானே சொல்லி, பதிலையும் தானே சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குடோனில் இரண்டு பேரும் ஒரே ஒரு ஸ்டூலும் இருக்கும்போது, டோரீன் கண்ணை மூடிக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில், "போ" என்றாள். ஸ்டூல் திரும்பி நடந்தது. வாசற்படி வரைக்கும் போனதும் நின்று, இதை நம்பிப் போகலாமா என்று கேட்பதுபோல பியாட்ரிஸ் பக்கம் திரும்பிற்று. பியாட்ரிஸ் தலையாட்டினாள். ஸ்டூல் படியிறங்கிப் போயிற்று.